எடோ நகரில் நடிகர் உடையும் மக்கள் மோகமும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் பழமொழி. ஆடை மானத்தைக் காப்பதோடு நின்றுவிடுவதில்லை. உடுத்தியவன் எத்தொழிலினன், எந்நிலையினன், என்னவாக விழைகின்றான் என்பனவற்றையும் அஃது ஊரார்க்கு உரைத்துவிடுகின்றது. ஆகவே, தனக்கு உரியதன்று என்று பிறர் கருதும் உடையை ஒருவன் உடுத்த விரும்பும்போது அவன் வெறுந்துணியை விரும்புகின்றான் என்று கொள்ளுதல் பிழை. அவ்வுடைக்கு உரியவனிடம் தான் கண்ட அழகையோ, வீரத்தையோ, விடுதலையையோ அவன் விரும்புகின்றான்.

கதைமாந்தரைப் போல் உடுத்தி இளைஞர் திரளாகக் கூடும் விழாக்கள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன. கோலாலம்பூரில் 2002ஆம் ஆண்டு முதலும், சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு முதலும் அத்தகைய விழாக்கள் நடந்து வந்துள்ளன. இவ்வழக்கத்திற்கு வழங்கும் "காஸ்பிளே" என்னும் சொல், 1983ஆம் ஆண்டில் தக்கஹாஷி நொபுயுக்கி என்னும் ஜப்பானிய எழுத்தாளர் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி இணைத்து ஆக்கியதாகும். சொல் புதியது. ஆயினும் அச்சொல் பிறந்த நாட்டிலே, கலைஞனின் உடையைக் கண்டு மயங்கிய மக்கள் அதனைத் தாமும் அணிந்து தெருவில் உலவிய வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. அதனை ஒடுக்க அரசு சட்டம் இயற்றியதும், அச்சட்டத்தின் இடுக்குகளில் மக்கள் வழி கண்டதும், அவ்வார்வத்திற்கு நடிகர் சிலர் கொடுத்த விலையும் வரலாற்றில் பதிந்துள்ளன. மாணவரின் திரைப்பட மோகத்தை நாள்தோறும் காணும் ஆசிரியர்களுக்கு இவ்வரலாறு பயன் தரும் எனக் கருதி இங்கு எடுத்துரைக்கின்றோம்.

சாய்ந்து நடந்தோர் கூத்து

தொக்குகாவா மரபினர் 1603 முதல் 1868 வரை ஜப்பானை ஆண்டனர். பேரரசர் கியோட்டோ நகரில் பெயரளவில் வீற்றிருக்க, ஆட்சி முழுவதும் "ஷோகன்" எனப்பட்ட படைத்தலைவர் கையில் இருந்தது. அவருடைய தலைநகர் எடோ. இன்றைய தோக்கியோவே அந்நகர். 18ஆம் நூற்றாண்டில் அங்கு ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

இவ்வாட்சி தொடங்கிய அதே 1603ஆம் ஆண்டில், கியோட்டோவில் ஒக்குனி என்ற பெண்ணொருத்தி புதுவகைக் கூத்தொன்றை நிகழ்த்தினாள். இசுமோ திருக்கோயிலைச் சார்ந்தவள் என்று அவளைக் கூறுவர். அவள் ஆணுடை தரித்து, இடையில் வாள் செருகி, கழுத்தில் மாலை அணிந்து ஆடினாள். அக்காலத்து வீதிகளில் முரட்டு இளைஞர் சிலர் விந்தையான உடையுடுத்தித் திரிந்தனர். அவர்களுக்குக் "கபுக்கிமோனோ" என்று பெயர். "கபுக்கு" என்னும் வினைச்சொல்லுக்குச் சாய்தல், நேர்வழியினின்று விலகுதல் என்பது பொருள். ஒக்குனி அவர்களுடைய கோலத்தையே மேடைக்குக் கொண்டுவந்தாள். அவள் ஆடிய கூத்தும் "கபுக்கி" என்று பெயர் பெற்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கபுக்கி தோன்றியபோது மேடைதான் வீதியைப் பார்த்து உடுத்திக் கொண்டது. பின்னர் நூற்றாண்டு ஒன்று கழிவதற்குள் வீதி மேடையைப் பார்த்து உடுத்தத் தொடங்கிற்று.

கூத்தாடிய பெண்கள் பொருட்டுக் கலகங்கள் விளைகின்றன என்று கூறி, 1629இல் பெண்கள் மேடையேறுவதை அரசு தடுத்தது. அவர்கள் இடத்தில் இளஞ்சிறுவர் ஆடினர். அவர்கள் பொருட்டும் பூசல்கள் விளையவே, 1652இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, முன்தலை மயிரை மழித்த ஆடவர் மட்டும் நடிக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு கூத்து மீண்டும் இசைவு பெற்றது. மழித்த நெற்றி அழகைக் கெடுக்கும், அழகு கெட்டால் மோகம் அடங்கும் என்பது அதிகாரிகளின் கணக்கு. அக்கணக்குப் பொய்த்தது. பெண் வேடம் பூண்ட நடிகர் மழித்த இடத்தின்மேல் சிறு துணியொன்றை இட்டு மறைத்தனர். நாளடைவில் ஊதாநிறப் பட்டுத்துணி அதற்கென வழக்காயிற்று. குறையை மறைக்க வந்த துணியே தனியழகாகி, பெண் வேடத்தின் அடையாளமாகவும் நிலைத்துவிட்டது.

நிறங்களுக்கு இட்ட விலங்கு

அக்காலச் சமுதாயம் போர்வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என நான்கு படிகளாக வகுக்கப்பட்டிருந்தது. நடிகர்க்கு இந்நான்கிலும் இடமில்லை. "ஆற்றங்கரை இரவலர்" என்று அவர்களை இழித்துரைத்தனர். கூத்து முதலில் ஆற்றுப்படுகையில் நடந்தமையால் வந்த பெயர் அது. கடைசிப் படியில் வைக்கப்பட்ட வணிகரிடமோ செல்வம் குவிந்தது. கையில் பொருள் உண்டு, ஆனால் அதற்கேற்ற மதிப்பு இல்லை என்ற நிலையில், அவர்கள் செல்வம் உடையில் வெளிப்பட்டது.

அரசு இதனைப் பொறுக்கவில்லை. 1681இல் எடோ வணிகர் ஒருவரின் மனைவி, ஷோகன் ஊர்வலம் வரும் வழியில் அரசகுலத்தாரும் நாணும்படி அணிசெய்து நின்றாள். அதன் விளைவாகக் குடும்பத்தின் சொத்து பறிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் நகரை விட்டு அகற்றப்பட்டனர். 1683இல் நகரப் பெண்கள் பொன்னிழைப் பூவேலை செய்த துணிகளையும், உடல் முழுதும் முடிச்சுச் சாயமிட்ட துணிகளையும் அணிவது தடுக்கப்பட்டது. இவைபோன்ற ஆணைகள் அதன் பின்னும் மீண்டும் மீண்டும் வந்தன. ஓர் ஆணையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்க நேர்கின்றது என்றாலே, மக்கள் அதனைத் திரும்பத் திரும்ப மீறினர் என்பது சொல்லாமலே விளங்கும்.

பளிச்சிடும் செந்நிறமும் ஊதாவும் விலக்கப்பட்டமையால் நகரத்தார்க்கு எஞ்சியவை பழுப்பு, சாம்பல், அவுரிநீலம் ஆகியனவே. சாயக்காரர் இச்சிறு எல்லைக்குள்ளேயே தம் திறமையைக் காட்டினர். "நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல்" என்றொரு வழக்கே ஏற்பட்டது. வெளியே எளிய பருத்தியும் உள்ளே விலையுயர்ந்த பட்டுமாக உடுத்தும் பழக்கமும் பரவிற்று. காவலன் கண்ணுக்குப் புறத்துணி, தன் மனநிறைவுக்கு உள்துணி என்பது அவர்கள் கண்ட வழி.

நடிகர் உடை மக்களைக் கவர்ந்த காரணத்தை இப்பின்னணியில்தான் உணர முடியும். நூறு பழுப்புகளில் ஒன்றை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? துணிக்கடைக்காரன் எத்துணை புகழ்ந்தாலும் பழுப்பு பழுப்புத்தான். ஆனால் அஃது இன்ன நடிகன், இன்ன நாடகத்தில், இன்ன காட்சியில் அணிந்தது என்றால் அப்பழுப்புக்கு ஓர் உயிர் வந்துவிடுகின்றது. சட்டத்தால் பிடிக்க முடியாத பொருள் ஒன்று துணியில் ஏறிவிடுகின்றது.

கட்டம் போட்ட கால்சட்டை

நடிகர் வழியாகப் பரவிய உடைப் பாங்குகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, 1670களில் கியோட்டோவில் பெண் வேடத்தில் புகழ்பெற்ற உயேமுரா கிச்சியா என்பவர் இடைக்கச்சை முடிந்த முறை. கச்சின் முனைகளில் சிறு ஈயத்துண்டு வைத்துத் தைத்து, முடிச்சின் இருபுறமும் நாயின் காதுபோல் தொங்குமாறு அவர் கட்டினார். "கிச்சியா முடிச்சு" என்ற பெயரோடு அது பெண்களிடையே பரவிற்று. 1694இல் மறைந்த ஓவியர் ஹிஷிகாவா மொரோனோபு தீட்டிய "திரும்பிப் பார்க்கும் அழகி" என்னும் ஓவியத்தில் இம்முடிச்சைக் காணலாம். 1948இல் ஜப்பானிய அஞ்சல் துறை அவ்வோவியத்தைத் தலையாக வெளியிட்டது. அஞ்சல்தலை திரட்டுவோர் அதனைப் பெரிதும் விரும்பித் தேடுவர். நடிகர் ஒருவரின் கச்சுமுடிச்சு இவ்வாறு உலகெங்கும் அஞ்சல்தலைத் தொகுப்புகளில் இடம்பெற்று விட்டது.

இதனினும் புகழ்வாய்ந்தது சனோகாவா இச்சிமாட்சுவின் கதை. 1722இல் பிறந்த இவர் 1741இல் எடோவுக்கு வந்து, நக்கமுரா அரங்கில் காதல் நாடகம் ஒன்றில் இளைஞன் வேடம் பூண்டார். அப்போது அவர் அணிந்த அகன்ற கால்சட்டையில் கருநீலமும் வெள்ளையுமாகக் கட்டங்கள் மாறிமாறி அமைந்திருந்தன. சதுரங்கப் பலகையை நினைத்துக்கொண்டால் அதன் தோற்றம் விளங்கும். அவ்வடிவம் புதியதன்று. "கல்பாவிய தளம்" என்ற பொருள்படும் பெயரோடு அது பல நூற்றாண்டுகளாக வழங்கியதே. எனினும், இச்சிமாட்சு அணிந்த பிறகு எடோ நகரம் முழுவதும் அக்கட்டம் பரவியது. பழைய பெயர் பின்னடைந்தது, "இச்சிமாட்சு" என்பதே அக்கட்டத்தின் பெயராயிற்று. அவர் 1762இல் மறைந்தார். பெயர் மட்டும் இன்றும் மறையவில்லை.

அவருக்குப் பின் இரண்டாம் செகாவா கிக்குநோஜோ தோன்றினார். 1741இல் பிறந்து 1773இல் இளமையிலேயே இறந்த இவர், பெண் வேடத்தில் ஈடிணையற்றவராக விளங்கினார். அக்கால நடிகர் சிறு பாடல்கள் புனைவதும், அதற்கெனத் தனிப் புனைபெயர் வைத்துக்கொள்வதும் வழக்கம். இவருடைய புனைபெயர் ரோக்கோ. 1760களில் பணிப்பெண் வேடம் ஒன்றில் பச்சை சற்றே கலந்த பழுப்புநிற உடையணிந்து இவர் தோன்றினார். "ரோக்கோப் பழுப்பு" என்ற பெயரில் அந்நிறம் நகரை ஆட்கொண்டது. அவர் கூந்தலை முடிந்த முறைக்கும், செருகிய சீப்புக்கும், கச்சுக் கட்டிய விதத்திற்கும்கூட ரோக்கோ என்ற பெயரே வழங்கிற்று.

இங்கு நுணுகி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கிக்குநோஜோ ஆண்மகன். அவர் பெண்ணாக நடித்தார். அவரைப் பார்த்துப் பெண்கள் தம்மை ஒப்பனை செய்துகொண்டனர். பெண்ணின் அழகு இன்னது என்று பெண்களுக்கே கற்பிக்கும் ஆசானாக ஓர் ஆடவன் விளங்கினான். பெண்களை மேடையினின்று விலக்கிய 1629ஆம் ஆண்டு ஆணை எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய் விட்டது என்றே சொல்லவேண்டும்.

1809இல் ஐந்தாம் இவாய் ஹான்ஷிரோ என்னும் நடிகர், காதலுக்காகத் தீவைத்து உயிரிழந்த ஒஷிச்சி என்ற பெண்ணின் வேடத்தில், சணலிலை வடிவில் முடிச்சுச் சாயமிட்ட வெளிர்நீல உடையில் தோன்றினார். அவ்வடிவமும் அவர் பெயராலேயே பரவிற்று. ஏழாம் இச்சிகாவா டான்ஜூரோ விளையாட்டுத்தன்மையுடைய ஒரு வடிவத்தை வழக்கில் கொணர்ந்தார். அரிவாள், வளையம், "நு" என்னும் எழுத்து ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும். ஜப்பானிய மொழியில் அரிவாள் "காமா", வளையம் "வா". சேர்த்துப் படித்தால் "காமாவானு", அதாவது "எனக்குக் கவலையில்லை" என்று பொருள். எடோ நகரத்து முரட்டு வீரர் முன்பு அணிந்த வடிவத்தையே அவர் மீட்டெடுத்தார். அவருக்குப் போட்டியாக மூன்றாம் ஒனோயே கிக்குகோரோ கோடரி, யாழ்போன்ற இசைக்கருவி, சாமந்திப்பூ ஆகிய மூன்றையும் வரைந்து, "நற்செய்தி கேட்கின்றேன்" என்று படிக்குமாறு செய்தார். நம் புலவர்கள் செய்யுளில் அமைத்த சொல்விளையாட்டை அவர்கள் துணியில் அமைத்தனர் எனலாம். பருத்தித் துணியில் அச்சிட்ட இவ்வடிவங்களை எளிய மக்களும் வாங்கி அணிய முடிந்தது.

ஓவியரும் வணிகரும்

கொட்டகைக்குள் நுழைந்தவர் மட்டுமே இவற்றையெல்லாம் கண்டிருந்தால் மோகம் இத்துணை விரைவில் பரவியிராது. அதனை நகரெங்கும் கொண்டுசென்றவை மரப்பலகை அச்சு ஓவியங்களே. புதிய நாடகம் அரங்கேறியவுடன் அதன் முதன்மை நடிகர் உடையோடும் ஒப்பனையோடும் தாளில் அச்சாகி வந்துவிடுவர். ஓர் ஓவியத்தின் விலை ஒரு கிண்ணம் நூடுல்ஸின் விலையையொத்தது என்பர். 1765இல் பல நிற அச்சுமுறை செம்மையுற்ற பின்பு, உடையின் நிறத்தையும் ஏறத்தாழ அப்படியே காட்ட முடிந்தது. சாயக்கடைக்காரனிடம் ஓவியத்தை நீட்டி, "இந்த நிறம் வேண்டும்" என்று கேட்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

நடிகரை மதிப்பிடும் நூல்களும் ஆண்டுதோறும் வெளிவந்தன. கியோட்டோவின் ஹச்சிமோன்ஜியா என்னும் பதிப்பகம் 1699இல் வெளியிட்ட நூல் இவ்வகைக்கு முன்மாதிரியாயிற்று. கியோட்டோ, எடோ, ஒசாக்கா ஆகிய மூன்று நகரத்து நடிகரையும் தரவரிசைப்படுத்தி, ஒருவர் புகழ, மற்றொருவர் மறுக்கும் உரையாடலாக அது திறனாய்வு செய்தது.

ஒப்பனைப் பொருள் வணிகரும் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் செகாவா கிக்குநோஜோவின் புனைபெயர் சென்ஜோ. அப்பெயரை இட்டு எடோவின் கியோபாஷிப் பகுதியில் இருந்த ஒரு கடை முகப்பூச்சு மாவு விற்றது. 19ஆம் நூற்றாண்டின் அழகியர் ஓவியங்கள் பலவற்றில் அம்மாவின் பொட்டலம் எங்காவது ஒரு மூலையில் தென்படும். விளம்பரம் என்று தோன்றாமலே விளம்பரம் செய்யும் உத்தி அது. திரைப்பட நடிகையர் வழலைக்கட்டி விளம்பரங்களில் தோன்றுவதை இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் இதனை நினைவுகூர்தல் நன்று.

ஒசாக்காவின் அன்பர் குழுக்கள்

எடோவில் தனித்தனி ஆளாக வெளிப்பட்ட ஆர்வம், வணிக நகரமான ஒசாக்காவில் கட்டுக்கோப்பான குழுக்களாக அமைந்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்கு ஒத்தே, சசாசே, ஃபுஜியிஷி, சக்குரா என்ற பெயர்களில் அன்பர் குழுக்கள் விளங்கின. ஆண்டுதோறும் 11ஆம் மாதத்தில், அவ்வாண்டு நடிக்கவிருக்கும் நடிகரை மக்களுக்கு அறிமுகம் செய்யும் விழா நடைபெறும். அன்று குழுவினர் ஒரே வகைத் தலைமறைப்பும் ஒரே வகை உடையும் அணிந்து தமக்குரிய இடத்தில் அமர்ந்து, தாளத்தோடு கைதட்டியும் கட்டை கொட்டியும் நடிகரை வரவேற்பர். இக்கைதட்டலும் ஒரு கலையாகப் பயிலப்பட்டது. கொட்டகையின் முன்னே அன்பர் அளித்த அரிசி மூட்டைகளும் மதுப் பீப்பாய்களும் மலைபோல் அடுக்கப்பட்டிருக்கும்.

நடிகன் மட்டுமே கோலம் பூண்டான் என்பதில்லை, காண வந்தவனும் கோலம் பூண்டான் என்பது இதனால் விளங்கும். அங்காடியில் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் வணிகன், அன்று ஒருநாள் விழாவில் பங்குடையவனாகி விடுகின்றான். அத்தகையோர் பலர் பாடல் புனையும் மன்றங்களிலும் உறுப்பினர். அங்கே நடிகனும் வணிகனும் புனைபெயரால் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டனர். சமுதாயம் வகுத்த படிகளைப் புனைபெயர் ஒருசிறு பொழுதுக்கேனும் மறக்கச் செய்தது.

போட்டியும் இல்லாமலில்லை. மூன்றாம் நக்கமுரா உத்தாயெமோனும் இரண்டாம் அராஷி கிச்சிசபுரோவும் ஒசாக்காவின் இரு சுடர்கள். அவர்களுடைய புனைபெயர்களான ஷிக்கான், ரிக்கான் என்பவற்றால் இருவகைப் பழுப்புகள் விளங்கின. இருவரும் பகைமை மறந்து சேர்ந்து நடிக்க 1821இல் ஏற்பாடாயிற்று. அவ்வாண்டிலேயே கிச்சிசபுரோ மறைந்தமையால் அது நிறைவேறாமற் போயிற்று.

அரசின் அச்சம்

ஆட்சியாளர் இவற்றையெல்லாம் கவலையோடு நோக்கியதற்குக் காரணம் உண்டு. உடைதான் அக்காலத்தில் ஒருவன் நிலையைக் காட்டும் சான்று. எல்லாரும் நடிகனைப் பார்த்து உடுத்தத் தொடங்கினால், யார் எந்நிலையினர் என்பது மறைந்துபோகும். அதனினும் கொடிது, நான்கு படிகளிலும் சேராத ஒருவன் அனைவர்க்கும் முன்மாதிரியாகிவிடுவது. புயோ இன்ஷி என்ற புனைபெயரில் 1816இல் நூலெழுதிய ஒருவர், நாடகம் உலகைப் பார்த்து அமைந்த காலம் போய், உலகம் நாடகத்தைப் பார்த்து நடக்கும் காலம் வந்துவிட்டது என்ற கருத்தைச் சினத்தோடு பதிந்துள்ளார். அவர் வசையாகக் கூறியதே இன்று நமக்குச் சிறந்த சான்றாக அமைகின்றது.

சினம் சொல்லோடு நில்லாமல் தண்டனையாக வெளிப்பட்ட நேரங்களும் உண்டு. 1714இல் ஷோகனின் அந்தப்புரத்து உயர்நிலைப் பெண்ணான எஜிமா, கோயில் வழிபாட்டிற்குச் சென்று திரும்பும் வழியில் யமமுரா கொட்டகையில் நாடகம் பார்த்துவிட்டுக் காலந்தாழ்த்து மாளிகை திரும்பினாள். அக்கொட்டகையின் நடிகர் இக்குஷிமா ஷிங்கோரோவோடு அவளுக்குத் தொடர்பு உண்டு என்று குற்றம் சாட்டினர். அவர் மியாக்கே தீவுக்குக் கடத்தப்பட்டார். அவள் தக்காத்தோ என்னும் மலைநாட்டு ஊரில் சிறைவைக்கப்பட்டாள். கொட்டகை அடியோடு ஒழிக்கப்பட்டது. எடோவில் நான்காயிருந்த பெரிய அரங்குகள் மூன்றாயின.

1841 முதல் 1843 வரை அமைச்சர் மிசுனோ ததகுனி நடத்திய சீர்திருத்தம் இன்னும் கடுமையானது. நகர நடுவில் இருந்த அரங்குகள் அசக்குசா என்னும் புறநகர்ப் பகுதிக்குத் துரத்தப்பட்டன. நடிகர் வெளியே செல்லும்போது முகத்தை மறைக்கும் ஆழ்ந்த கோரைத்தொப்பி அணியவேண்டும் என்று ஆணை பிறந்தது. 1842இல் நடிகர் உருவங்களை அச்சிடுவதும் தடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஏழாம் டான்ஜூரோ மேடையில் உண்மையான போர்க்கவசம் அணிந்தார், ஆடம்பரமாக வாழ்ந்தார் என்ற குற்றங்களுக்காக எடோவிலிருந்து நாடுகடத்தப்பட்டார்.

இத்தண்டனையின் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. பொய்க்கவசம் அணிந்து வீரனாக நடிக்கலாம், அது வேடம். மெய்க்கவசம் அணிந்தால் அது வீரர் குலத்தின் உரிமையைத் தொட்டதாகும். வேடத்திற்கும் மெய்க்கும் இடையே அரசு ஒரு கோடு வரைந்திருந்தது. அக்கோட்டைத் தாண்டியதற்கே தண்டனை. "எனக்குக் கவலையில்லை" என்ற வடிவத்தை ஊரெல்லாம் உடுத்தச் செய்தவர் ஏழாண்டுக் காலம் வெளியூர் மேடைகளில் நடித்து வாழநேர்ந்தது. 1849இல்தான் அவர் மன்னிப்புப் பெற்றார்.

மக்கள் ஆர்வமோ அடங்கவில்லை. நடிகர் உருவத்தை வரையக்கூடாது என்றால், சுவரில் சிறுவர் கிறுக்கியதுபோல் வரைந்து அதில் நடிகர் முகங்களைக் காட்டினார் ஓவியர் உத்தகாவா குனியோஷி. சில ஆண்டுகளில் நடிகர் ஓவியங்கள் மீண்டும் வெளிப்படையாக வரலாயின. அமைச்சர் மிசுனோவோ 1843இலேயே பதவியிழந்தார்.

ஒரு மகனின் முடிவு

தந்தை நாடுகடத்தப்பட்ட காலத்தில் எடோ மேடையைத் தாங்கியவர் அவர் மகன் எட்டாம் டான்ஜூரோ. 1823இல் பிறந்த இவர் பேரழகர். பெற்றோரிடம் காட்டிய அன்பிற்காக 1845இல் அரசே இவருக்குப் பரிசளித்துப் பாராட்டிற்று. சுக்கெரோக்கு என்னும் நாடகத்தில் அவர் தண்ணீர்த் தொட்டியில் ஒளியும் காட்சி உண்டு. அத்தொட்டி நீரைப் பெண்கள் விலைகொடுத்து வாங்கிச் சென்றனர் என்றொரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ மிகையோ, அவர்மேல் மக்கள் கொண்ட மோகத்தின் அளவை அது காட்டும்.

1854இல் தந்தையோடு நடிப்பதற்காக ஒசாக்காவுக்குச் சென்ற அவர், நாடகம் தொடங்கவிருந்த வேளையில் விடுதியறையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். காரணம் இன்றுவரை விளங்கவில்லை. நடிகர் இறந்தால் நினைவு ஓவியம் வெளியிடுவது அக்கால வழக்கம். எட்டாம் டான்ஜூரோவுக்கோ நூற்றுக்கு மேற்பட்ட வகை ஓவியங்கள் வெளிவந்தன. வெளிர்நீல நிறத்து இறுதிக்கோலத்தில் அவர் நிற்க, பெண்கள் சூழ்ந்து அழும் காட்சியைப் பலவற்றில் காணலாம்.

எத்தனை வண்ண உடைகளில் அவரைக் கண்டு களித்தார்களோ அத்தனை பேரும் அவருடைய இறுதி உடையையும் விலைகொடுத்து வாங்கினர். இதனை அன்பு என்பதா, வணிகம் என்பதா? இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன என்பதே உண்மை. தம்மைச் சூழ்ந்த ஆரவாரத்தினிடையே அம்மனிதர் என்ன துன்பம் உற்றார் என்பதை அவர் உடையை நன்கறிந்த இலட்சக்கணக்கானவருள் ஒருவரும் அறிந்திலர். இரசிகர் ஆர்வத்தின் இருண்ட பக்கம் இஃது. இதனை மறைத்து அதன் ஒளியை மட்டும் பாடுதல் வரலாறு ஆகாது.

காலம் அளித்த தீர்ப்பு

1868இல் தொக்குகாவா ஆட்சி கவிழ்ந்தது. 1887ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வெளியுறவு அமைச்சர் இனோயே கவோருவின் மாளிகையில் பேரரசர் மெய்ஜி முன்னிலையில் கபுக்கி நாடகம் நடைபெற்றது. அதில் முதன்மை ஏற்று நடித்தவர் ஒன்பதாம் டான்ஜூரோ. இவர் நாடுகடத்தப்பட்ட ஏழாமவரின் மகன், உயிர்நீத்த எட்டாமவரின் இளவல். ஆற்றங்கரை இரவலர் என்று இகழப்பட்ட மரபு, நாட்டின் தலைவர் கண்டு மகிழும் கலையாக உயர்ந்தது. 2008இல் ஐக்கிய நாடுகளின் பண்பாட்டு அமைப்பு கபுக்கியை மாந்தரினத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இச்சிமாட்சுவின் கட்டமும் தன் பயணத்தை நிறுத்தவில்லை. தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டிற்கென 2016இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சின்னம், அவுரிநீலத்தில் அமைந்த அக்கட்ட வடிவமே. 1741இல் ஒரு நடிகனின் கால்சட்டையில் நகரத்தார் கண்டதை, 2021இல் அவ்விளையாட்டு நடந்தபோது உலகமே கண்டது.

அதனினும் நம் பொருளுக்கு நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. கொத்தோகே கொயொஹாரு என்பவர் 2016 முதல் 2020 வரை எழுதி வரைந்த அரக்கர் வேட்டைச் சித்திரக்கதையின் தலைவனான தஞ்சிரோ, பச்சையும் கறுப்பும் மாறிவரும் கட்டமிட்ட மேலாடை அணிபவன். சிறுவரும் பெரியவரும் அவ்வாடையை அணிந்து திரிந்தனர். 2020இல் அக்கதையின் பதிப்பகத்தார் அக்கட்டத்தைத் தம் வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தனர். அது பொதுவான ஓர் அலங்கார வடிவமே என்று கூறி 2021இல் ஜப்பானியப் பதிவு அலுவலகம் மறுத்துவிட்டது. ஒரு நடிகன் பெயரைத் தாங்கியும் ஒருவர்க்கும் உடைமையாகாமல், உடுத்தும் மக்கள் அனைவர்க்கும் அவ்வடிவம் பொதுவாகிவிட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, கலைஞனின் உடையை மக்கள் விரும்புவது இக்காலத்துச் சீரழிவன்று. நகரமும், கொட்டகையும், அச்சும் ஒருங்கே அமைந்த எடோவில் அது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. இரண்டாவது, தடை மட்டும் அதனை அழிக்காது. நிறத்தைத் தடுத்தால் பழுப்பில் நூறு வகை பிறக்கும், ஓவியத்தைத் தடுத்தால் கிறுக்கல் பிறக்கும். மூன்றாவது, அவ்வார்வம் தானே நன்மையும் ஆகாது. பொருள்தேடும் வணிகன் அதனைத் தூண்டிவிடுவான். வழிபடப்படும் கலைஞன் தனிமையில் வாடுவான்.

பள்ளியில் மாணவன் ஒருவன் திரையில் கண்ட நாயகனைப்போல் முடிதிருத்தி வந்தால், நம் முதல் எண்ணம் கண்டிப்பதாகவே இருக்கும். ஒழுங்கு வேண்டாம் என்று எவரும் கூறார். எனினும், கண்டிக்குமுன் அவனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: அந்த நாயகனிடம் நீ கண்டது என்ன? அவன் சொல்லும் விடையில் வீரம் இருக்கலாம், நட்பு இருக்கலாம், தன்னை எவரும் பொருட்படுத்தவில்லையே என்ற ஏக்கமும் இருக்கலாம். எடோவின் அதிகாரிகள் இருநூற்றைம்பது ஆண்டுகள் துணியை மட்டுமே பார்த்தனர். துணிக்குள் இருந்த மனிதனை அவர்கள் ஒருகாலும் கேட்டறியவில்லை. கற்பிக்கும் தொழிலை மேற்கொண்ட நாம் கேட்டறியலாம்.